இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி

அந்தத் தாழ்ப்பாளைப் போட்டவர் யார் என்பது கடைசிவரை தெரியவரவில்லை. 1883 ஜூன் 16, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், கப்பல் கட்டும் ஊரான சண்டர்லாந்தில், விக்டோரியா ஹால் அரங்கில் குழந்தைகளுக்கென்றே ஒரு கேளிக்கை நிகழ்ச்சி. மேல்மாடத்தில் மட்டும் ஆயிரம் பிள்ளைகளுக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில், குறிப்பிட்ட எண்கள் உள்ள டிக்கெட்டுகளுக்குப் பரிசு உண்டு என்று அறிவிப்பு வந்தது. மேடையிலிருந்து கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்குப் பரிசுகள் போகத் தொடங்கின. மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. தங்களுக்கு மிஞ்சாது என்று படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள்.

படிக்கட்டின் அடியில் ஒரு கதவு. உட்பக்கமாகத் திறப்பது. அதைக் கொஞ்சம் மட்டும் திறந்து, ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு, தரையில் தாழ்ப்பாளை இறக்கியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்தால் டிக்கெட் பார்ப்பது எளிது. காரணம் அவ்வளவுதான். முன்னால் வந்த பிள்ளைகள் இடைவெளியில் சிக்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. மூன்று வயது முதல் பதினான்கு வயது வரையிலான 183 குழந்தைகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். தீ இல்லை, புகை இல்லை, கூரை இடியவில்லை. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், கொஞ்சம் அவசரம்.

பெரிய மண்டபங்களிலும் திரையரங்குகளிலும் வெளியேறும் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி ஓடுகிறதே, கட்டடக்காரர்கள் ‘பேனிக் பார்’ என்றும் ‘புஷ் பார்’ என்றும் சொல்வது, அதன் பூர்வீகம் இந்தப் படிக்கட்டில்தான் தொடங்குகிறது. சண்டர்லாந்து விசாரணைகளுக்குப் பிறகு, பொது அரங்குகளில் வெளிப்பக்கமாகத் திறக்கும் அவசர வழிகள் வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. கேட்பதற்கு எளிய தீர்வு. அரங்கு நடத்துகிறவரிடம் கேட்டால்தான் சிக்கல் புரியும். வெளியேறும் கதவைத் தாழிடாமல் விட்டால், காசு கொடுக்காதவன் சந்து வழியாக உள்ளே வந்துவிடுவான். இரவில் திருடன் வருவான். தாழிட்டாலோ, தாழ்ப்பாளைக் கண்டுபிடித்து, குனிந்து, தூக்கி, இழுத்துத் திறக்கும் நிதானம் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு இருக்காது. உள்ளிருப்பவர்களின் உயிரும் கல்லாப்பெட்டியும் ஒரே கதவைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1892-இல் இதற்கு ஒரு பூட்டுக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து பார்த்தால் கதவு பூட்டியதுதான். உள்ளேயிருந்து தள்ளினால் தாழ் தானாக விலகும். திறக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே விழுந்தாலே போதும். யாரைக் கொன்றதோ அந்த நெரிசலின் அழுத்தத்தையே சாவியாக்கிவிட்ட யோசனை அது. பொறியியலில் இப்படிப்பட்ட தலைகீழ்த் திருப்பங்கள் அபூர்வம் என்பேன்.

ஆனாலும் அந்தப் பூட்டு அட்லாண்டிக்கைத் தாண்டிப் பரவுவதற்கு இன்னொரு சாவுக்கணக்கு தேவைப்பட்டது.

சிகாகோ நகரத்தின் இரோக்வா அரங்கு 1903 நவம்பரில் திறக்கப்பட்டது. ‘தீப்பிடிக்கவே பிடிக்காது’ என்று விளம்பரம் செய்தார்கள். திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 30, விடுமுறைக் காலத்து மதியக் காட்சி. பெரும்பாலும் தாய்மார்களும் பிள்ளைகளும். மேடைக்கு மேலிருந்த வில்விளக்கின் பொறி திரைச்சீலையில் பற்றியது. தீத்தடுப்புத் திரை இறங்கும்போது பாதியில் சிக்கி நின்றது. அன்று இறந்தவர்கள் 602 பேர். அமெரிக்க வரலாற்றில் ஒரே கட்டடத்தில் நடந்த தீவிபத்துகளில் அவ்வளவு பேரைப் பலிகொண்டது வேறில்லை என்பார்கள்.

தீயைவிட கதவுகளின் கதைதான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியது. பல வெளிவழிகள் அழகுக்காகத் தொங்கவிட்ட திரைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. சில பூட்டியிருந்தன. சில உட்பக்கம் திறப்பவை. மாடிப்படிகளின் குறுக்கே இரும்பு மடக்குக் கதவுகளை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். மலிவு டிக்கெட்டில் மேலே உட்கார்ந்தவர்கள் விளக்கணைந்ததும் கீழே இறங்கி விலையுயர்ந்த இருக்கைகளுக்கு வந்துவிடக் கூடாதாம். பூட்டாத கதவுகளிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. அவற்றில் பொருத்தியிருந்தது ‘பாஸ்க்யூல்’ என்ற ஐரோப்பிய வகைத் தாழ். சின்னதொரு நெம்புகோலைத் திருப்ப வேண்டும். சிகாகோவில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. அன்று ஒரு கதவைத் திறந்தவர் முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவர். வாயிற்காவலர் மறுத்தும் கேளாமல் திறந்தார். அவர் வீட்டு ஐஸ் பெட்டியில் அதே மாதிரியான தாழ் இருந்ததாம்! அந்தக் கதவுக்கு அருகில் இருந்தவர்கள் பிழைத்ததற்கு ஒருவர் வீட்டுச் சமையலறைச் சாமான் காரணம் என்றால், வீட்டில் ஐஸ் பெட்டி இல்லாதவர்கள் கதி என்ன? பூட்டு செய்கிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி அது.

அதை யோசித்தவர் ஒரு பூட்டு விற்பனையாளர். கார்ல் பிரின்ஸ்லர், இண்டியானாபொலிஸ் நகரத்து வானகட் ஹார்டுவேர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அன்றைய காட்சிக்கு அவர் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் வேலை குறுக்கிட்டதால் போகவில்லை. பிழைத்தவருக்கு அந்தக் கதவுகள் நினைவைவிட்டு அகலவில்லை. ஹென்றி டியூபான்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து, பிரிக்ஸின் யோசனையை ஒத்த ஒரு தாழைச் செய்யத் தொடங்கினார். 1908-இல் அது சந்தைக்கு வந்தது. வானகட், டியூபான்ட், பிரின்ஸ்லர் மூவர் பெயரிலும் முன்னெழுத்துகளைக் கிள்ளி ‘வான் டியூப்ரின்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயரில் விற்பனையாகிறது. கடைக்குச் சொந்தக்காரரான வானகட் குடும்பம் எது என்று கேட்டால், ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நாவல் எழுதிய கர்ட் வானகட்டின் குடும்பம். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆரம்பித்த கடை அது. ஒரு நகரம் மொத்தமாக எரிந்ததைப் பற்றி எழுதிய எழுத்தாளரின் வீட்டுப் பெயர் தீ வழிக் கதவுகளில் பொறித்திருப்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கருவியின் உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. கதவின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் குறுக்கே ஒரு கம்பி. அதை அழுத்தினால் உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து, சட்டத்தில் மாட்டியிருக்கும் நாக்கை உள்ளிழுக்கும். இரட்டைக் கதவென்றால் மேலும் கீழும் இரண்டு செங்குத்துக் கம்பிகள் ஓடி, தலையிலும் தரையிலும் இருக்கும் தாழ்களை ஒரே நேரத்தில் விலக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்க விதிப்படி 15 பவுண்டு விசைக்குள் நாக்கு விலகிவிட வேண்டும். ஐரோப்பாவில் இஎன் 1125 என்ற தரநிலை 80 நியூட்டன் என்கிறது. ஒரு சிறுமி தோளால் தள்ளினாலும் திறக்கும்.

அதே ஐரோப்பாவில் இஎன் 179 என்று இன்னொரு தரநிலையும் இருக்கிறது. கட்டடத்தை அறிந்தவர்கள், கதவைப் பழகியவர்கள் மட்டும் புழங்கும் இடங்களுக்கு அது. சாதாரணக் கைப்பிடியே போதும். முன்பின் தெரியாத கூட்டம் வரும் இடத்துக்குத்தான் குறுக்குக் கம்பி. ஐஸ் பெட்டி வைத்திருந்தவரையும் வைத்திராதவரையும் நூறு ஆண்டு கழித்துத் தரநிலைக்காரர்கள் இரண்டு எண்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். வெளியே இருப்பவனுக்குப் பூட்டு, உள்ளே இருப்பவனுக்குத் திறப்பு. பாதுகாப்புக்கும் உயிருக்கும் இருந்த சண்டை தீர்ந்தது என்றுதான் பிரின்ஸ்லர் நினைத்திருப்பார். தீரவில்லை. ஏனென்றால் ஆளைக் கொன்ற கதவுகளில் பெரும்பாலானவை வெளியே இருந்த திருடனுக்குப் பயந்து பூட்டியவையே இல்லை. உள்ளே இருந்தவர்களை நம்பாமல் பூட்டியவை. சண்டர்லாந்தில் டிக்கெட் பார்க்கப் போட்ட தாழ்ப்பாள் அப்படி. இரோக்வாவில் மலிவு டிக்கெட்காரர்களைத் தடுத்த மடக்குக் கதவு அப்படி. உள்ளிருப்பவன்மேல் சந்தேகம் இருக்கும் இடத்தில், உள்ளிருந்து எளிதாகத் திறக்கும் கருவி என்பது முதலாளிக்கு ஓட்டைப் பானை.

நியூயார்க் டிரையாங்கிள் சட்டை ஆலையில் 1911 மார்ச் 25 அன்று இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒன்பதாவது மாடியில் தையல் வேலை செய்த பெண்கள், பெரும்பாலும் இத்தாலிய, யூதக் குடியேறிகள், வேலை முடிந்ததும் ஒரே வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கைப்பைகளைச் சோதிப்பார்கள். துணி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். மறுபக்கத்துப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்தார்கள். தீ அரை மணி நேரம்கூட எரியவில்லை. 146 பேர் இறந்தார்கள். பலர் ஜன்னலிலிருந்து குதித்தவர்கள். சாம்பலுக்குள்ளிருந்து அந்தப் பூட்டைத் தோண்டியெடுத்து வழக்கில் சான்றுப் பொருளாக வைத்தது அரசுத் தரப்பு. நாக்கு வெளியே நீட்டிய நிலையில் கருகியிருந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்கு அந்த நேரத்தில் தெரியும் என்று நிரூபிக்க முடியவில்லை என்று ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். அந்த இருவரில் ஒருவரான மேக்ஸ் பிளாங்க் 1913-இல் மறுபடியும் வேலை நேரத்தில் ஆலைக் கதவைச் சங்கிலியால் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

பாஸ்டன் நகரத்துக் கோகநட் குரோவ் கேளிக்கை விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று 492 பேர் இறந்தார்கள். முன்வாசல் சுழல் கதவு. முதலில் ஓடிவந்தவர்களின் உடல்களால் அடைபட்டு நின்றுவிட்டது. கீழ்த்தள மதுக்கூடத்திலிருந்து ஏறிவரும் படிக்கட்டின் உச்சியில் ஒரு கதவு இருந்தது. அதில் பேனிக் பார் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கதவைத் தனியாகப் பூட்டியும் வைத்திருந்தார்கள். காசு கொடுக்காமல் வாடிக்கையாளர்கள் நழுவிவிடக் கூடாது என்ற கவலை. சுழல் கதவுக்குப் பக்கத்தில் சாதாரணக் கதவும் இருந்தாக வேண்டும் என்ற விதி பின்னாளில் பரவியது இதனால்தான். கருவியை வாங்கிப் பொருத்தினால் போதாது, அது செயல்படவும் வேண்டும் என்பதும் சட்டப் புத்தகங்களுக்குள் வந்தது. சொல்லித்தர வேண்டியதா இது என்று தோன்றலாம். டப்ளின் கதையைக் கேட்டால் தோன்றாது.

டப்ளினின் ஆர்ட்டேன் பகுதியில் ஸ்டார்டஸ்ட் என்ற நடன விடுதி. பழைய தொழிற்சாலை ஒன்றை மாற்றியமைத்த கட்டடம். 1981 பிப்ரவரி 14, காதலர் தின இரவு. எண்ணூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள். இந்த விடுதியின் வெளியேறும் கதவுகளில் பேனிக் பார் இருந்தது. ஆனால் விடுதிக்காரர்களுக்கு அந்தக் கம்பியால் வேறொரு தொல்லை வந்தது. ஒருவன் காசு கொடுத்து உள்ளே வருவான். பின்கதவுக் கம்பியை அழுத்தி, வெளியே காத்திருக்கும் கூட்டாளிகளைச் சும்மா உள்ளே விட்டுவிடுவான். பிரிக்ஸும் பிரின்ஸ்லரும் கற்பனை செய்யாத திருட்டு. வெளியே இருப்பவனுக்குக் கதவு பூட்டியிருக்கிறது என்பது உண்மைதான். உள்ளே ஒரு நண்பன் இருக்கும்வரை அதற்குப் பொருளில்லை.

நிர்வாகம் இதற்குக் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. கம்பிகளின்மேல் சங்கிலியையும் பூட்டையும் சும்மா தொங்கவிட்டார்கள். பார்க்கிறவனுக்குக் கதவு பூட்டியிருப்பதாகத் தோன்றும்; அழுத்திப் பார்க்க மாட்டான். சில இரவுகளில் உண்மையாகவே பூட்டியும் வைத்தார்கள். இரண்டும் கலந்து நடந்ததால், எந்தக் கதவு பூட்டியது, எது பூட்டியதுபோல் நடிப்பது என்பது வேலையாட்களுக்கே தெளிவில்லை. கழிப்பறை ஜன்னல்களை இரும்புத் தகடும் கம்பியும் போட்டு அடைத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டித் தீப்பற்றி விளக்குகள் அணைந்தபோது, கூட்டம் சங்கிலி தொங்கும் கதவுகளை நோக்கி ஓடியது. 48 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள்.

புகையில் நிற்பவனுக்கு நடிக்கும் பூட்டும் உண்மைப் பூட்டும் ஒன்றுதான். கண்ணால் பார்த்து அறிவால் முடிவெடுக்கத் தேவையே இல்லாத கருவி என்பதற்காகத்தானே அந்தக் கம்பியைச் செய்தார்கள்? அதன்மேல் சங்கிலியைப் போட்டதும், அது மறுபடியும் யோசித்துத் திறக்க வேண்டிய பூட்டாகிவிட்டது. முதலில் நடந்த விசாரணை, யாரோ தீவைத்திருக்கலாம் என்றது. பலியானோர் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அதை எதிர்த்துப் போராடின. அந்த முடிவு 2009-இல் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் புதிய மரண விசாரணையின் ஜூரிகள், 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பளித்தார்கள். கதவுகள் பூட்டியும் தடைபட்டும் இருந்ததை ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்கள். அயர்லாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நாற்பத்துமூன்று ஆண்டு.

உள்ளே இருப்பவனைச் சந்தேகப்படுவது எப்போதும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. மகப்பேறு வார்டிலிருந்து பச்சிளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் உள்ளேயிருந்துதான் போகிறாள். நினைவு மங்கிய முதியவர் இரவில் எழுந்து சாலைக்கு நடந்துவிடுகிறார். கடையில் சாமானை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடுகிறவனும் இருக்கிறான். இவர்களுக்குச் சங்கிலி இல்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் கடந்த அரை நூற்றாண்டாக இந்தக் கம்பியின் வாழ்க்கை.

முதல் பதில் சத்தம். கம்பியை அழுத்தினால் கதவு திறக்கும். கூடவே அலறல் மணியும் அடிக்கும். திருடனைத் தடுப்பதில்லை, காட்டிக்கொடுக்கிறது. ஸ்டார்டஸ்ட் கதவுகளுக்கு இதுவும், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலாளும் போதுமாயிருந்திருக்கும். சங்கிலிக்கு விலை குறைவு.

இரண்டாவது பதில் தாமதம். அழுத்தியவுடன் மணி அடிக்கத் தொடங்கும். கதவு 15 விநாடி கழித்தே விடும். அதற்குள் வார்டு செவிலியரோ காவலரோ வந்து பார்க்கலாம். தீயறிவிப்பு மணி அடித்தாலோ மின்சாரம் போனாலோ தாமதம் ரத்து, உடனே திறக்கும். இந்த 15 விநாடி என்பது பேரம் பேசி எட்டிய எண் என்றுதான் எனக்குத் தோன்றும். நிதானமாக இருப்பவனுக்கு அது ஒன்றுமேயில்லை. பின்னாலிருந்து புகை வருகிறவனுக்கு அது மிக நீளம். அதனால்தான் பெருங்கூட்டம் கூடும் அரங்குகளுக்கு இந்த ஏற்பாட்டை அமெரிக்க விதிகள் பொதுவாக விட்டுவைப்பதில்லை.

மூன்றாவது பதில் காந்தம். 1969-இல் மான்ட்ரியல் நகரத்து ஐஸ் ஹாக்கி அரங்கான ஃபோரம் கதவுகளைப் பூட்டக் கூடாது என்று தீயணைப்பு அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். பூட்டவும் வேண்டும், தீயென்றால் எல்லாக் கதவும் ஒரே நொடியில் விடவும் வேண்டும். சம்னர் சஃபிர்ஸ்டைன் என்பவர் வடிவமைத்த மின்காந்தப் பூட்டு அங்கே வந்தது. சட்டத்தில் காந்தம், கதவில் இரும்புத் தகடு. மின்சாரம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். அசையும் பாகம் ஒன்றுமில்லை. சென்னையின் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குப் போனாலும் கண்ணாடிக் கதவின் உச்சியில் ஒரு செவ்வகப் பெட்டியாக இதைப் பார்க்கலாம். சிறியதாக இருந்தாலும் ஏறத்தாழ 270 கிலோ இழுவிசையைத் தாங்கும். உள்ளே இருப்பவர் அட்டையைக் காட்ட வேண்டும், அல்லது சுவரில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

மின்சாரம் போனால் விடும் என்பதுதான் அதன் அறம். நாம் அதற்கு யுபிஎஸ் கொடுத்திருக்கிறோம். அதில் தவறில்லை, மின்வெட்டுக்கு ஒருமுறை அலுவலகம் திறந்து கிடக்க முடியாது. ஆனால் தீயறிவிப்பு அமைப்பிலிருந்து அந்தப் பூட்டுக்கு ஒரு கம்பி இழுத்து, மணி அடித்ததும் யுபிஎஸ்ஸோடு சேர்த்துத் துண்டிக்கும்படி செய்ய வேண்டும். பூட்டு மாட்டுகிறவர் ஒரு ஒப்பந்தக்காரர், தீயறிவிப்பு மாட்டுகிறவர் வேறொரு ஒப்பந்தக்காரர். அந்த ஒரு கம்பி யார் பட்டியலில் வருகிறது என்று அலுவலகம் எடுக்கிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கதவுக்கு இன்னொரு குணமும் வேண்டியிருக்கிறது, பலர் மறப்பது. ஆட்கள் போவதற்குத் திறக்க வேண்டிய அதே கதவு, ஆள் போனதும் தானாக மூடி நாக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புகை படிக்கட்டுக்குள் புகுந்துவிடும். சாதாரணக் கதவில் பகல் முழுக்க நாக்கை உள்ளிழுத்தே வைக்க ஒரு சின்னச் சாவி உண்டு. தீத்தடுப்புக் கதவில் பொருத்தும் வகையில் அந்த வசதியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். படிக்கட்டுத் தீக்கதவுக்குக் கீழே மரத்துண்டு செருகியோ தண்ணீர் கேன் முட்டுக்கொடுத்தோ திறந்து வைத்திருப்பதை நம் ஊர்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். காற்று வரட்டுமே என்று செய்வதுதான்.

மூடிய கதவும் கொல்லும். சிகாகோவில், இரோக்வா எரிந்த அதே நகரமையத்தில், 2003 அக்டோபர் 17 அன்று ஒரு மாவட்ட அரசு அலுவலகக் கோபுரத்தின் பன்னிரண்டாவது மாடியில் தீப்பிடித்தது. மேல்மாடிகளில் இருந்தவர்கள் விதிப்படி படிக்கட்டுக்குள் வந்தார்கள். தீயணைப்பவர்கள் கீழே கதவைத் திறந்து வேலை செய்ததில் புகை படிக்கட்டில் ஏறியது. திரும்பிப் போகலாம் என்றால், படிக்கட்டிலிருந்து மாடிகளுக்குள் நுழையும் கதவுகள் எல்லாம் பின்னால் பூட்டிக்கொண்டன. வெளியாள் ஒரு மாடிக்கென்று வந்து படிக்கட்டு வழியாக இன்னொரு மாடிக்குள் புகுந்து திருடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருந்தார்கள். ஆறு பேர் படிக்கட்டிலேயே இறந்தார்கள். உள்ளிருந்து வெளியேறுகிறவர்களுக்குக் கதவு திறக்கத்தான் செய்தது. ‘வெளியே’ என்று அது கொண்டுபோய்விட்ட இடம்தான் புகைக் குழாயாகிவிட்டது. அவசரநேரத்தில் படிக்கட்டுக் கதவுகள் மொத்தமாகத் திறக்கும் ஏற்பாடு அதற்குப் பிறகுதான் அங்கே கெடுபிடியாக வந்தது.

நம் துணைக்கண்டத்தில் இந்தக் கம்பிக்கு எதிரி சங்கிலிகூட இல்லை, மடக்கு கேட். தண்டவாளத்தில் ஓடும் கொலாப்சிபிள் கேட். இரோக்வா படிக்கட்டில் பூட்டியிருந்ததன் நேர்வாரிசு. தள்ளினால் திறக்காது, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஆட்கள் அதன்மேல் சாய்ந்துவிட்டால் பூட்டில்லாமலேயே இழுக்க முடியாது. கூட்டத்தின் அழுத்தத்தைச் சாவியாக்குவது பேனிக் பார் என்றால், அதே அழுத்தத்தைப் பூட்டாக்குவது இது.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று, ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கீழே வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியிலிருந்து புகை ஏறியது. பால்கனியில் வலப்பக்க வழியை அடைத்துக் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். கதவு தாழிட்டிருந்தது. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். வெளியேறும் கதவு சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம். இரவு வாட்ச்மேன் கீழ்கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நினைத்தால், அந்த வாக்கியத்தின் தனிமை புரியும்.

2012-இல் மூன்று மாதங்களுக்குள் இரண்டு ஆடைத் தொழிற்சாலைகள் எரிந்தன. செப்டம்பர் 11, கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ். 250-க்கும் மேற்பட்டோர் பலி. ஜன்னல்களில் கம்பி, வெளிவழிகளில் பூட்டு. ஒரு சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழைச் சில வாரங்களுக்கு முன்தான் அந்த ஆலை வாங்கியிருந்தது. மாமூல் கேட்டுக் கிடைக்காத கும்பல் தீவைத்தது என்று பின்னாளில் அந்நாட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அப்படியே இருக்கட்டும், கதவைப் பூட்டியது அந்தக் கும்பல் இல்லையே. நவம்பர் 24, டாக்காவுக்கு வெளியே தஸ்ரீன் ஃபேஷன்ஸ், நூற்றுப்பத்துப் பேருக்குமேல். மணி அடித்ததும் எழுந்தவர்களை, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் திரும்ப உட்காரவைத்தார்கள். படிக்கட்டின் மடக்கு கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. நியூயார்க்கில் சட்டை, கராச்சியில் ஜீன்ஸ். துணி திருடுவார்கள் என்ற பயம் மட்டும் நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை.

அடுத்த ஆண்டு வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ‘அக்கார்டு’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பொறியாளர்கள் வங்கதேச ஆலைகளுக்குள் போய் முதலில் எழுதிய குறைகளில் ஒன்று படிக்கட்டுகளின் மடக்கு கேட்டும் பூட்டக்கூடிய கதவும். தூணை வலுப்படுத்த மாதக்கணக்கு ஆகும், தெளிப்பான் குழாய்க்கு இறக்குமதி வேண்டும். கேட்டைக் கழற்ற ஒரு வெல்டரும் அரை நாளும் போதும். அந்த இடத்தில் வெளிப்பக்கம் திறக்கும் எஃகுத் தீக்கதவு, குறுக்கே கம்பி. துணி திருட்டைப் பற்றிக் கவலைப்பட்ட முதலாளிகளுக்குச் சோதனையைக் கட்டடத்துக்கு வெளியே, சுற்றுச்சுவர் வாசலில் வைத்துக்கொள்ளும் உரிமை அப்படியேதான் இருந்தது. பைகளை அங்கே திறந்து பார்க்கலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும்.